செம்மண்விளையின் வலிக்காரர்கள்

ஒருவருக்கு வரவேண்டிய வலி வேறொருவருக்குப் போய்ச் சேருகிற வழக்கம் செம்மண்விளையில் தொடங்கியது ஒரு மார்கழி மாதத்து முற்பகலில், பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு ஒடிந்து, மார்புக்குக் கீழே உடம்பு இருக்கிறதா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையில் கிடந்த சேர்மக்கனியின் பாதங்களுக்கு, அவன் பெண்சாதி பொன்னுத்தாய் மணல் ஒத்தடம் கொடுத்தபோது.

வயலட் சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தண்டுவட வார்டுக்கு அவள்தான் எல்லாம். வாரத்தில் ஒரு நாள் பெரிய டாக்டர் வந்துபோவார், மற்ற நாட்களில் ஆறு கட்டிலுக்கும் அவளும் ஒரு ஆயாவும்தான். மரத்த காலுக்குச் சூடு ஆகாது, வெந்நீர் பை ஆகாது, வெந்தாலும் அவருக்குத் தெரியாது, தெரியாத காயம்தான் ஆளைத் தின்னும் என்று ஒவ்வொரு பெண்சாதியிடமும் ஒவ்வொரு தாயிடமும் அவள் சொல்லிவைப்பது வழக்கம். ஆனால் பொன்னுத்தாய் பிறந்த வீட்டில் சுளுக்குக்கும் வாதத்துக்கும் பிள்ளை பெற்ற இடுப்புக்கும் தேரி மேட்டுச் செம்மணலை ஓட்டுச்சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றித்தான் பழக்கம், மரத்துப்போனதை அந்த மணல் எழுப்பிவிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு ஆஸ்பத்திரி நம்பிக்கையைவிடப் பழையது. சிஸ்டர் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து வார்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, செக்கச்சிவந்த மணலை வறுத்து, முடிச்சைப் புருஷன் பாதத்தில் வைத்து அழுத்தினாள். சேர்மக்கனி அவளிடம் இளம்பனைகள் நிற்கிற வடலிக்காட்டு வேலியைப் பற்றிப் பேசிக்கொண்டு கிடந்தான்.

அதே நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு கையை உயர்த்தி ஒரு கையைத் தாழ்த்தி டீ ஆற்றிக்கொண்டிருந்த சிவனணைஞ்சான், டம்ளரையும் குவளையையும் விட்டெறிந்துவிட்டு, "யாத்தே, காலு வேவுதே!" என்று தரையில் விழுந்து புரண்டார். அடுப்பு இடுப்பு உயரத்தில் இருந்தது, பாதத்தில் ஒரு பொட்டுச் சூடு பட்டிருக்க வழியில்லை, பாதமும் நேற்றுவரை இருந்த கறுப்பிலேயே இருந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். முன்பக்கம் கூட்டமாக இருந்ததால் தண்டுவட வார்டின் தாழ்வாரத்துப் பெஞ்சில் கிடத்தினார்கள்.

உள்ளே வயலட் சிஸ்டர் சேர்மக்கனியின் பாதத்தில் கொப்பளங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஊற்ற ஊற்ற வெளியே பெஞ்சில் கிடந்தவர் "அப்பாடா" என்றார். குவளையை நிரப்ப அவள் நிறுத்தினால் "ஐயோ" என்றார். ஊற்றினால் அப்பாடா, நிறுத்தினால் ஐயோ. நாலைந்து முறை இப்படி நடந்தபின் சிஸ்டர் கதவுவழியே எட்டிப் பார்த்தாள், பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். பிறகு செய்ய வேண்டியது என்னவோ அதைச் செய்தாள்: விடாமல் ஊற்றினாள்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. ஏன் இப்படி என்று கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களுக்குக் கோயிலில் ஒரு பதிலும் தேவாலயத்தில் ஒரு பதிலும் கிடைத்தன, அத்தோடு அந்தக் கேள்வி தீர்ந்தது. எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது யாருடைய வலி யாருக்கு என்பதுதான். பெரிய டாக்டர் வழக்கம்போல் குண்டூசியால் நோயாளிகளின் காலையும் தொடையையும் குத்தி "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டு வந்தபோது, ஊரின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொருவர் துள்ளினார்கள். அஞ்சாம் வகுப்பு டீச்சர் கரும்பலகை முன்னால் துள்ளினாள். கண்டக்டர் ஓடுகிற பஸ்ஸில் துள்ளினார். புதுப்பெண் ஒருத்தி மாமியார் முன்னால் துள்ளி, அதற்கு வேறு காரணம் கற்பிக்கப்பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். வியாபாரிகள் சங்கத்துத் தலைவர் தங்கப்பழம் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைவிட்டு எழுந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு, பேச்சு மறந்து நின்றார். கரண்டுக் கம்பத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே ஒடிந்து கிடந்த பட்டுராஜனின் வலிக்காரர் அவர் என்று அன்று தெரிந்தது.

வலிக்காரர், உடம்புக்காரர் என்று இரண்டு சொற்கள் அப்படித்தான் ஊரில் புழங்க ஆரம்பித்தன. கட்டிலில் கிடப்பவர் உடம்புக்காரர். அவருக்காக ஊரில் துடிப்பவர் வலிக்காரர். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சேர்த்து, "ஒங்க வீட்டுல வலிக்காரவிய யாரும் உண்டுமா?" என்று கேட்டுவைத்துக்கொண்டார்கள். படுத்தபடுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் கறுத்துப் புண்ணாகும் என்று வயலட் சிஸ்டர் வருஷக்கணக்காகச் சொல்லி யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை, இப்போது அது ஊருக்கே தெரிந்தது, ஏனென்றால் நேரம் நெருங்க நெருங்க ஆறு வீடுகளில் இடுப்பெலும்பு எரிய ஆரம்பித்தது. வலிக்காரர்கள் கடையைப் பாதி சாத்திவிட்டு, சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து, உடம்புக்காரரை ஒருக்களித்துப் போட்டு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருகிவிட்டு, தாங்களும் பெருமூச்சு விட்டுப் போனார்கள். பிறகு ஊரே அந்தக் கணக்கில் நடந்தது. "ஒரு புரட்டு நேரத்துல வந்துருதேன்" என்றார்கள். கல்யாண முகூர்த்தம்கூட இரண்டு புரட்டுக்கு நடுவில் வருவதுபோல் பார்த்துக் குறித்தார்கள்.

வயலட் சிஸ்டருக்கு அந்த நாட்களில் உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! மெத்தை கேட்டு எத்தனை தடவை சங்கத்துப் படியேறியிருப்பாள், "பாப்போம் சிஸ்டர்" என்று எத்தனை தடவை தங்கப்பழம் பல்லைக் காட்டியிருப்பார். அதே தங்கப்பழம் இலவம்பஞ்சு மெத்தைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தானே முதுகில் சுமந்து இறக்கினார். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பழம் வந்தது, சூப்பு வந்தது, ஆட்டுக்கால் வந்தது. பழைய புண்களெல்லாம் ஆறிச் சிவந்த தோல் கட்டியது. ஒரு நாள் காலையில் சிவனணைஞ்சான் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "சிஸ்டர், மண்டை பொளக்குது, எங்க ஆளோட குழாயப் பாருங்க" என்றார். பார்த்தால் சேர்மக்கனியின் மூத்திரக் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நெஞ்சுக்கு நேரேயோ அதற்கு மேலேயோ ஒடிந்தவர்களுக்கு நீர்ப்பை நிறைந்து இறங்க வழியில்லாமல் போனால் ரத்தக்கொதிப்பு கண்டபடி ஏறும், தலை வெடிக்கும், கவனிக்காவிட்டால் உயிரே போகும். சேர்மக்கனியும் முகமெல்லாம் வேர்த்து, தலை வலிக்கிறது என்றுதான் முனகிக்கொண்டிருந்தான். தலை அவனுடையது, மரக்காதது, அதனால் அந்த ஒரு வலி மட்டும் இரண்டு பேருக்கும் பங்கு. சிஸ்டர் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து மடிப்பை நீக்கினாள், நீர் இறங்கியது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள். வலி கடைசியில் சரியான விலாசத்துக்குத்தான் போயிருக்கிறது என்று அன்று அவள் நினைத்தாள்.

ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. அவளுக்கு யாருடைய வலியும் வரவில்லை. கல்யாணம் காட்சி இல்லாமல், வார்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் குடியிருந்து, பாதி ஆயுளை இந்த ஆறு கட்டிலுக்குக் கொடுத்தவளைத் தவிர்த்துவிட்டு, எட்டிக்கூடப் பார்க்காத தங்கப்பழத்துக்குப் போயிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல். "சிஸ்டருக்குக் கல்லு மனசு, அதான் அங்க போகல" என்று ஆயா யாரிடமோ சொன்னது காதில் விழுந்து, அன்று முழுதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சேர்மக்கனி தேறினான். பனையேறிய கை அல்லவா, வயலட் சிஸ்டர் கற்றுக்கொடுத்ததைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். கையூன்றி எழுந்து உட்கார்ந்தான், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே தாவினான், கண்ணாடி வைத்துப் பார்த்துத் தன் முதுகுத் தோலைத் தானே சோதித்துக்கொண்டான். வீட்டுக்குப் போக வேண்டும், தேரியோரத்துக் குடிசை வாசலில் சின்னதாக ஒரு கடை போட வேண்டும், அங்கிருந்து பார்த்தால் அவன் ஏறிய பனைகள் வரிசையாகத் தெரியும், அது போதும் என்பான். பெரிய டாக்டர் அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிவிட்டார். பொன்னுத்தாய் மூட்டை கட்டினாள்.

அன்று சாயங்காலம் ஊர் வந்தது. தங்கப்பழம் முன்னால், சிவனணைஞ்சான் அவர் பின்னால்.

"அந்தக் குடிசையில தேள் கெடக்கும், நட்டுவாக்காலி கெடக்கும். கீழ அடுப்பு எரியும்" என்றார் சிவனணைஞ்சான். "இவன் பாட்டுக்கு ஒக்காந்துருப்பான், துடிக்கது நானு. அனுப்பக்கூடாது சிஸ்டர்."

"குணமான ஆளக் கட்டிலோட கட்டிப் போடவா சொல்லுதிய?" என்றாள் வயலட்.

"கட்டவெல்லாம் வேண்டாம்" என்றார் தங்கப்பழம் நிதானமாக. "வீல்சேர மட்டும் எடுத்துருவோம். விழுந்து கிழுந்து வச்சா?"

வீல்சேர்கள் அன்றே சங்கத்துச் சரக்குக் கிட்டங்கிக்குப் போயின. உடற்பயிற்சி நின்றது, தசை வலித்தால் டீச்சரால் நிற்க முடியவில்லையாம். தூசி படக்கூடாதென்று ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் திரைச்சீலை தொங்கியது. வாசலுக்குப் பூட்டு வந்தது, முறைவைத்துக் காவல் வந்தது. பெரிய டாக்டரிடம் சிஸ்டர் முறையிட்டாள், அவர் ஊர்க்காரர்களிடம் பேசினார், பேசிமுடித்து வெளியே வந்தவர் கார்க் கதவைத் திறக்கும்போது, "பேஷண்டுகளுக்கு இப்ப கவனிப்பு நல்லாத்தானே இருக்கு" என்றார். நல்லாத்தான் இருந்தது, ஒரு புண் இல்லை, ஒரு சிராய்ப்பு இல்லை. ஆறு பேரும் குளிப்பாட்டப்பட்டு, ஊட்டப்பட்டு, புரட்டப்பட்டு, வெயில் காணாமல் வெளுத்துக்கொண்டு வந்தார்கள்.

"முன்ன ஏன்னு கேக்க ஆளில்லாமக் கெடந்தேன் சிஸ்டர்" என்றான் சேர்மக்கனி. "இப்ப ஆளு விடாமக் கெடக்கேன்."

வயலட் அவன் போர்வையைச் சரிசெய்தாள். அவனை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று அன்று அவளுக்குள் ஒரு வைராக்கியம் விழுந்தது, ஆனால் எப்படி என்றுதான் புரியவில்லை.

இந்த நிலையில்தான் பட்டுராஜன் செத்துப்போனான்.

அவன் செத்த அன்று தங்கப்பழம் காலையிலேயே வந்துவிட்டார். தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, ஜலதோஷம் என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போய் பட்டுராஜன் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய மனிதர் வேலையை விட்டுவிட்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாரே என்று நன்றியோடு நினைத்துக்கொண்டு வயலட் சிஸ்டர் மற்ற கட்டில்களுக்குக் கஞ்சி ஊட்டப் போனாள். திரும்பி வந்தபோது உயிர் இல்லை. குழாய் நேராகத்தான் இருந்தது, அவள் முதலில் பார்த்தது அதைத்தான். கொதிப்பு ஏறித் தலையில் நரம்பு வெடித்திருக்கிறது என்றார் பெரிய டாக்டர், இந்த மாதிரி ஆட்களுக்கு வருவதுதான் என்றார்.

தங்கப்பழம் எழுந்து நின்றார். ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிப் பார்த்தார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, குரலை அடக்கிக்கொண்டு, "ஒண்ணும் தெரியல. சுத்தமா விட்டுப் போச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை ஊருக்குள் எப்படிப் பரவியது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் அதை வாயால் சொல்லவில்லை. பட்டுராஜனுக்கு ஊரே திரண்டு நல்லடக்கம் செய்தது, சங்கம் விடுமுறை விட்டது, பூ மழையாகக் கொட்டியது. தங்கப்பழம் நன்றிக்கடன் என்று சொல்லிக் கோயில் கொடைத் திருவிழாவரை செருப்புப் போடுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தார்ரோட்டில் இளவட்டம்போல நடந்தார். மற்ற ஐந்து வலிக்காரர்களும் அவர் நடப்பதைக் கடைவாசலிலும் ஜன்னலிலும் நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வார்டுக்கு வந்தவர்களின் பார்வை மாறியிருந்தது. முன்பெல்லாம் வந்ததும் புண் இருக்கிறதா என்று இடுப்பைப் பார்ப்பார்கள், இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று நெஞ்சைப் பார்த்தார்கள். "ராத்திரி எப்படி இருந்தாவ?" என்று கேட்டு, நல்லா இருந்தார் என்றால் "அப்படியா" என்று கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்கள். கண்டக்டர் தன் உடம்புக்காரருக்குக் கொண்டுவந்த சூப்பை வயலட் சிஸ்டர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊட்டினாள். அவர் அதைக் கவனித்தும் கோபப்படவில்லை, கோபப்படாததுதான் அவளைப் பயமுறுத்தியது. புதுப்பெண் ஒரு நாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, "இவிய எத்தன வருசம் இருப்பாவ சிஸ்டர்?" என்று கேட்டாள். சின்னப் பெண், பாவம், அவளைத் திட்டவும் முடியவில்லை.

வயலட் சிஸ்டருக்கு அந்த நாட்களில் உள்ளங்கால் எரிந்தது. குளிர்ந்த தரையில் நடந்தாலும் தணலில் நடப்பதுபோல் இருந்தது. வயதாகிறது, குதிகால் வாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம், ஊர் உண்டு கண்ணசந்திருக்கிற நேரம், தன் வீட்டில் இரண்டு வாய் சோறு உண்டிருப்பாள், வலது உள்ளங்காலில் எதுவோ சரக்கென்று இறங்கியது. "ஏசுவே" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் காலைத் திருப்பிப் பார்த்தாள். காலில் எதுவும் இல்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனால் வலி எலும்புவரை இருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது, வலியால் மட்டும் அல்ல. வந்துவிட்டது, கடைசியில் தனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தாள். என் பிள்ளைகளில் யார் காலிலோ எதையோ குத்திவிட்டார்கள் என்று நினைத்து, சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள்.

வார்டு வாசலில் காவலுக்குத் தங்கப்பழம் நின்றார். பொன்னுத்தாயைக் காணவில்லை, எலுமிச்சம்பழம் வாங்க அவரே பஜாருக்கு அனுப்பியிருந்தார்.

"உள்ள போகாதிய சிஸ்டர். சிவனணைஞ்சான் அண்ணாச்சி சேர்மக்கனிக்காவக் கும்பிட்டுக்கிட்டு இருக்காவ."

தாழ்வாரத்துச் சிமெண்டில் ரத்தம் மிதித்த பாதத்தடம் வரிசையாக இருந்தது. தெருவிலிருந்து படி ஏறி, பெஞ்சைத் தாண்டி, தங்கப்பழத்தின் காலடியில் வந்து அது நின்றது. வலது காலில் மட்டும். பாட்டில் கண்ணாடி ஒரு விரல் நீளம் உள்ளங்காலில் இறங்கியிருந்தது, அவர் அதன்மேல் அழுத்தி நின்றுகொண்டு புன்னகைத்தார். பாதத்தைச் சுற்றி வெந்து உரிந்த கொப்பளங்கள், சில பழையவை, சீழ் கட்டியவை. ஒரு நர்சுக்கு இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்தது, தன் காலில் எரிவது யாருடைய கால் என்பது முதலில், பட்டுராஜன் செத்த அன்று இந்த மனிதர் தலையில் ஏன் ஈரத்துண்டு இருந்தது என்பது அதற்கு அடுத்து.

திரைக்குப் பின்னாலிருந்து, பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் குரல், "சிஸ்டர், சீக்கிரம் வாங்க" என்றது.

அவள் தங்கப்பழத்தை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் திரையை இழுத்தாள். சிவனணைஞ்சான் தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டி, ஸ்டூலில் குந்தியிருந்தார். கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. ஒரு கை சேர்மக்கனியின் வாயைப் பொத்தியிருந்தது. இன்னொரு கையின் முஷ்டிக்குள் குழாய் இரண்டாக மடிந்திருந்தது. சேர்மக்கனியின் முகம் செங்கல் நிறமாகி, வேர்வை தலையணையில் ஊறி, கண்கள் பிதுங்கி அவளைப் பார்த்தன. இரண்டு தலையும் ஒரே வலியில் ஆடிக்கொண்டிருந்தன.

"விடுங்க அண்ணாச்சி!"

"விட்டுருங்க சிஸ்டர். இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நானும் சும்மாவா இருக்கேன்? அவனுக்குப் பாதி எனக்குப் பாதி அனுபவிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். காலம் பூரா இன்னொருத்தன் வலிய நான் சொமக்கணுமா? பாலு காய்ச்ச நிக்க முடியல, பிள்ளையத் தூக்க முடியல. இது ஒண்ணு முடிஞ்சிட்டுன்னா..."

அவள் அந்த முஷ்டியைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, டீ ஆற்றிய கை அது. சத்தம் போட்டால் வரப்போவது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் கையை எடுத்தாள். திரும்பி, வாசலில் நின்ற தங்கப்பழத்தின் கைலியைப் பிடித்து இழுத்துக் கட்டில் பக்கம் கொண்டுவந்து, அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"என்ன சிஸ்டர் தேடுதிய?" என்றார் அவர்.

வயலட் அவர் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அலறியது அவள்தான். கண்ணாடி சதையில் உரசி உரசி வெளியே வந்தவரைக்கும் அவள் அலறினாள், தங்கப்பழமோ ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவளுக்கு என்ன ஆயிற்று என்று சிவனணைஞ்சானைப் பார்த்தார். ரத்தம் அவள் வெள்ளைச் சேலையில் கொட்டியது.

"பாருங்க அண்ணாச்சி" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். "பட்டுராஜன் வலி மட்டும் போவல. இவிய வலியும் சேந்து போயிட்டு. அது என்கிட்ட வந்துருக்கு. நீங்க அந்தக் குழாய விடாட்டா நாளைக்கு ஒங்க கை அடுப்புல கெடக்கும், ஒங்களுக்குத் தெரியாது. எவளாவது ஒருத்தி எங்கயாவது ஒக்காந்து கதறுவா."

சிவனணைஞ்சான் அந்தப் பாதத்தைப் பார்த்தார். கொப்பளத்தைப் பார்த்தார். அடுப்போடு பிழைக்கிற மனிதருக்கு அதைவிட விளக்கமாக யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. முஷ்டி மெல்லப் பிரிந்தது. அவள் தாவிப்போய்ச் சேர்மக்கனியை நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முதுகைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொண்டாள். பையில் நீர் இறங்கும் சத்தம் கேட்டது. செங்கல் நிறம் இறங்க வெகு நேரம் ஆனது. தங்கப்பழம் குனிந்து, தன் காலடியில் தேங்கிய ரத்தத்தை விரலால் தொட்டு, அது யாருடையது என்று பார்த்தார்.

போலீஸ் வந்தது. ஊர் ஒரே வாயாக, அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார் என்றது. ஆனால் காவல் தானாக விலகியது, பூட்டு காணாமல் போனது, வீல்சேர்கள் கிட்டங்கியிலிருந்து திரும்பி வந்தன. சேர்மக்கனி அந்த வாரமே வீட்டுக்குப் போனான். தேரி மணலில் சக்கரம் புதையும் என்பதால் பலகைகளை மாற்றி மாற்றிப் போட்டு, அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர் சிவனணைஞ்சான். வேறு யாரை நம்பி அவர் அதைக் கொடுப்பார்? டீக்கடையையும் பிரித்துக்கொண்டு போய்க் குடிசை வாசலிலேயே போட்டுவிட்டார். சேர்மக்கனி அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதாகவும் சொல்லவில்லை. தினமும் தன் நாற்காலியை அடுப்புக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்தி, பனைகளைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வான். சிவனணைஞ்சான் ஒரு கண்ணைப் பாலிலும் ஒரு கண்ணை அவன் முழங்காலிலும் வைத்துக்கொண்டு டீ ஆற்றுவார்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருலே மக்கா."

"எனக்கு இங்க சூடு தெரியலியே அண்ணாச்சி."

தங்கப்பழத்துக்கு மரப்பு பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறியது, முழங்காலிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து மார்புக்கு. கோயில் கொடைக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. பட்டுராஜன் கட்டில் காலியாகத்தான் இருந்தது, அதில் கிடத்தினார்கள், அவரே முதுகில் சுமந்து இறக்கிய மெத்தைமேல். ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது, ஆளுக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டது.

வயலட் சிஸ்டர் இப்போது எல்லாப் புரட்டுக்கும் முதலில் போவது அந்தக் கட்டிலுக்குத்தான், போகாமல் இருக்க அவள் இடுப்பு விடுவதில்லை. அவரை ஒருக்களித்துப் போடுவாள், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பாள், பாதத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுவாள், கழுவும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். அது ஆறிக்கொண்டுதான் வருகிறது. சில காலைகளில் அவளுக்கு மண்டை பிளக்கும், அவசரமாக வந்து போர்வையை விலக்கிக் குழாயைத் தேடுவாள். அப்போதெல்லாம் தங்கப்பழம் வேர்த்துக் கிடப்பார், ஆனாலும் கண்ணைத் திறந்துவைத்திருப்பார். அவள் முகத்தை அவர் பார்ப்பதில்லை. குழாயை எடுத்து, எங்கே மடங்கியிருக்கிறதென்று விரலால் தடவிக்கொண்டே போகிற அவளுடைய இரண்டு கைகளையும், அவை மடிப்பை நீக்கும்வரை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.